டாங்கோ பாடல்கள் யாரை நினைத்து அழுகின்றன?

டாங்கோ ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். வகுப்பில் ஒலிக்கும் பாடல்களின் பொருளைத் தேடிப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாமே விட்டுப்போன பெண்ணையும் போய்விட்ட நாட்களையும் நினைத்துப் புலம்புவதாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறி வந்தவர்களின் ஊர் ஏக்கம்தான் இதற்குக் காரணம் என்று உங்கள் ஆசிரியர் சொன்னது சரியா, கேட்பதற்கு எதிலிருந்து தொடங்கலாம் என்பவை உங்கள் கேள்விகள். அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: இந்தத் துயரம் உண்மையானதா, அல்லது திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்ந்த ஒரு பாணியா? அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் ஸ்பானிய மொழி இலக்கியம் படித்தவன். அதைக் கற்பிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இந்தப் பாடல் வரிகளை மாணவர்களோடு உட்கார்ந்து வாசித்து வருகிறேன். ஆடத் தெரியாது, இசைப் பயிற்சியும் கிடையாது. ஆகவே நான் சொல்வதெல்லாம் வரிகளைப் பற்றியது மட்டுமே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். டாங்கோ பிறக்கும்போதே அழுதுகொண்டு பிறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கெல் வில்லோல்டோ எழுதிய பாடல்களில் வருபவர்கள் நிமிர்ந்து நடப்பவர்கள். 1903ஆம் ஆண்டின் ‘எல் போர்டெஞீட்டோ’ பாடலில், அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸின் இளைஞன் ஒருவன் தன் ஆட்டத்தையும் பெண்கள் தன்மீது வைத்திருக்கும் மயக்கத்தையும் சொல்லிப் பீற்றிக்கொள்கிறான். 1905இல் வந்த ‘லா மோரோச்சா’வில் ஒரு மாநிறப் பெண் தன் அழகையும் தன் காதல் உறுதியையும் பெருமையோடு பாடுகிறாள். ஏக்கம் என்பது பேச்சுக்குக்கூட இல்லை. எழுத்தாளர் போர்ஹெஸ் கடைசிவரை இந்தப் பழைய, தைரியமான டாங்கோவையும் அதன் உறவுப் பாட்டான மிலோங்காவையுமே விரும்பினார். பின்னால் வந்த அழுகை அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய ரசனையை நான் ஏற்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு முறிவு நடந்தது என்று அவர் கண்டது சரி.

அந்த முறிவுக்குப் பெயரும் ஆண்டும் உண்டு. சாமுவேல் காஸ்ட்ரியோட்டா என்பவர் ‘லீட்டா’ என்ற பெயரில் வரிகளில்லாத ஒரு டாங்கோ இசையை அமைத்திருந்தார். அதற்குப் பாஸ்குவால் கொந்துர்சி வரிகள் எழுத, 1917இல் பாடகர் கார்லோஸ் கார்தேல் ‘மி நோச்சே டிரிஸ்டே’, அதாவது ‘என் சோக இரவு’ என்ற தலைப்பில் அதைப் பாடினார். கைவிடப்பட்ட ஓர் ஆண் தன் அறையைப் பற்றிப் பேசுகிறான், அவ்வளவுதான். ஆனால் எப்படிப் பேசுகிறான் என்று கவனியுங்கள். அவள் எவ்வளவு அழகி என்று ஒரு வரி கிடையாது. ஏன் போனாள் என்பதும் இல்லை. இரவில் படுக்கப் போகும்போது கதவைச் சாத்த மனம் வரவில்லை. திறந்திருந்தால் அவள் வந்துவிடுவாள் என்ற எண்ணம் மிஞ்சும். மாத்தே பானத்தோடு சாப்பிட இன்னமும் பிஸ்கட் வாங்கி வருகிறான், அவள் அங்கே இருப்பதுபோல. இருவரையும் சேர்த்துக் காணாத கட்டில் கோபித்துக்கொள்கிறது. ஒரே நிற ரிப்பன் கட்டி அவள் அடுக்கி வைத்திருந்த சிறிய குப்பிகள் இல்லை. கண்ணாடி மங்கிக் கிடக்கிறது, அதுவும் அழுதிருக்கும்போல. கிதார் அலமாரிக்குள் தொங்குகிறது. அதன் கம்பியைத் தொட ஆளில்லை. விளக்குக்கூட இந்த இரவுக்கு வெளிச்சம் தர விரும்பவில்லை.

நான் மாணவர்களுக்கு முதலில் இந்தப் பாடலைக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். இதில் பெண் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இருப்பது இருவருக்கான ஓர் அறை, அதில் மிஞ்சிய ஒருவன். காதலை இழந்தவன், அந்தக் காதல் நடந்த இடத்தைத்தான் பாடுகிறான். அடுத்த முப்பது ஆண்டுகளில் டாங்கோ செய்ததெல்லாம் அந்த அறையின் சுவர்களை நகர்த்தி நகர்த்தித் தெருவாகவும், பேட்டையாகவும், ஒரு முழு நகரமாகவும் ஆக்கியதுதான் என்பது என் வாசிப்பு.

இந்தப் பாடலைச் சுற்றி ஒரு விவாதம் இருப்பதையும் சொல்ல வேண்டும். அதன் மொழி லுன்ஃபார்டோ, அதாவது புவெனஸ் ஐரிஸின் அடித்தட்டில், நிறைய இத்தாலியச் சொற்களோடு வளர்ந்த வட்டார வழக்கு. அந்த வழக்கையும் கொந்துர்சி பழகிய காபரே உலகத்தையும் வைத்து, இங்கே அழுகிறவன் பெண்களை வைத்துப் பிழைக்கும் ஒரு தரகன், போனவள் அவன் பிழைப்புக்கு ஆதாரமாக இருந்தவள் என்று சில ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். அப்படி வாசிக்க இடமிருக்கிறது. ஆனால் வரிகளில் அதற்கு நேரடிச் சான்று கிடையாது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. 1918இல் ஒரு நாடக மேடையில் இது பாடப்பட்ட பிறகுதான் ஊரெல்லாம் பரவியது. அங்கே பாடியவர் ஒரு நடிகை. ஆணின் புலம்பல் ஒரு பெண்ணின் குரலில்தான் வெகுமக்களைச் சென்றடைந்தது. இந்தக் குறிப்பைப் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இனி உங்கள் ஆசிரியர் சொன்ன காரணம். அதன் பின்னணி உண்மைதான். 1869இல் இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள் இருந்த புவெனஸ் ஐரிஸில், 1914ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பதினைந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், பெரும்பாலும் இத்தாலியர்களும் ஸ்பானியர்களும். வந்தவர்களில் ஆண்களே அதிகம். ஒரு முற்றத்தைச் சுற்றி அறை அறையாக வாடகைக்கு விட்ட ‘கொன்வென்டீஜோ’ குடியிருப்புகளில் அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் தனிமையின் பாட்டு பிறந்ததில் வியப்பில்லை.

ஆனால் பாடல்களையே எடுத்துப் பார்த்தால் இந்த விளக்கம் தடுமாறுகிறது. ஜெனோவாவையோ நேப்பிள்ஸையோ கலீசியாவையோ நினைத்து அழும் டாங்கோக்கள் மிகக் குறைவு. ‘லா வியோலேட்டா’ போன்ற ஒன்றிரண்டில் மதுக்கடையில் உட்கார்ந்து தாய்நாட்டுப் பாட்டை முனகும் இத்தாலியக் கிழவர் வருகிறார். பெரும்பாலான பாடல்கள் ஏங்குவது அதே நகரத்தின் இன்னொரு தெருவுக்காக. கார்தேலையே பாருங்கள். அவர் பிரான்ஸின் துலூஸில் பிறந்து குழந்தையாகப் புவெனஸ் ஐரிஸுக்குக் கொண்டுவரப்பட்டவர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. உருகுவேயில் பிறந்தவர் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும், அவர் பாடிப் புகழ்பெற்ற ஏக்கமெல்லாம் புவெனஸ் ஐரிஸைப் பற்றியது. வரிகளை எழுதியவர்களில் பலர் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள். பாடலாசிரியர் டிஸ்செப்போலோவின் தந்தை நேப்பிள்ஸிலிருந்து வந்த இசைக்கலைஞர். தந்தையின் ஊர் ஏக்கம் மகனுக்கு ஒரு மனநிலையாக மட்டும் வந்துசேர்ந்து, மகன் அதைத் தான் வளர்ந்த தெருவின்மீது போர்த்தினான் என்று சொல்லலாம். எனக்கு அது நம்பத்தகுந்ததாகவே படுகிறது. ஆனாலும் அது ஊகம். நிரூபிக்கப்பட்ட காரணமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தெரு அவ்வளவு விரைவில் பழைய தெரு ஆனதற்கு எளிய காரணம் உண்டு: நகரம் வளர்ந்த வேகம். ஒருவன் சிறுவனாக இருந்தபோது புல்லும் சேறுமாகக் கிடந்த இடம், அவன் மீசை முளைப்பதற்குள் டிராம் ஓடும் சாலையாகிவிட்டது. சொந்த ஊரை விட்டு எங்கும் போகாதவனும் சொந்த ஊரை இழந்தான். டாங்கோவின் ஏக்கத்துக்கு நான் நம்பும் காரணம் இதுதான்.

காதலும் இதே கணக்கில்தான் வருகிறது. 1920களின் பாடல்களில் பெண் திரும்பத் திரும்ப ஒரே பாதையில் போகிறாள்: ஓரத்துப் பேட்டையின் எளிய வீட்டிலிருந்து நகர மையத்தின் காபரே வெளிச்சத்துக்கு. 1920இன் ‘மிலோங்கீட்டா’ அந்தப் பெண்ணை இரக்கத்தோடு பார்க்கிறது. 1923இல் செலெடோனியோ ஃபுளோரெஸ் எழுதிய ‘மானோ ஆ மானோ’ அவளோடு கணக்குத் தீர்க்கிறது: இப்போது பணக்காரர்கள் உன்னைச் சுற்றி வருகிறார்கள், ஒருநாள் நீ பழைய தட்டுமுட்டுச் சாமானாகக் கிடக்கும்போது உதவிக்கு இந்த நண்பனை நினைத்துக்கொள் என்கிறான். பெருந்தன்மைக்குள் வஞ்சம் இருப்பதை நீங்கள் உணர்வீர்கள். அவள் போனது தன்னை விட்டு மட்டுமன்று, ஏழ்மையை விட்டும்தான் என்பதை ஆண் எழுத்தாளர்கள் மிக அரிதாகவே ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பாடல்களை நேசிக்கிறவர்கள் இதை மழுப்பக் கூடாது. ஏக்கம் பல நேரங்களில் பெண்ணின்மீது சுமத்திய குற்றச்சாட்டு. பெண்கள் எழுதவில்லையா என்றால், எழுதினார்கள். ஆனால் மரியா லுயிசா கார்னெல்லி தம் பாடல்களை லுயிஸ் மாரியோ, மாரியோ காஸ்ட்ரோ என்ற ஆண் பெயர்களில் வெளியிட வேண்டியிருந்தது.

1928இல் அசுசேனா மைசானி மேடையில் பாடிய டிஸ்செப்போலோவின் ‘எஸ்டா நோச்சே மே எம்போர்ராச்சோ’, ‘இன்றிரவு குடிக்கப் போகிறேன்’, இந்த வஞ்சத்தின் உச்சத்தில் தொடங்குகிறது. விடியற்காலையில் காபரேயிலிருந்து தளர்ந்து, வயதை மறைக்க முடியாமல் வெளியே வரும் ஒருத்தியை அவன் பார்க்கிறான். பத்தாண்டுகளுக்கு முன் இவளுக்காகத்தான் தாயின் சோற்றைப் பறித்தான், நண்பர்களை இழந்தான், மண்டியிட்டான். முதலில் அவளைக் கேலி செய்கிறான். வார்த்தைகள் மிகக் கொடூரமானவை. பிறகு திடீரென்று திசை மாறுகிறது. பழி வாங்கியது காலம். நாம் நேசித்தது இப்படிச் சிதைந்து நிற்பதை நம் கண்ணாலேயே பார்க்கச் செய்ததுதான் அதன் பழி என்கிறான். அவளைக் கேலி செய்தவன், அழுதுவிடுவோமோ என்று பயந்து அங்கிருந்து ஓடுகிறான். பெண்ணின்மீதான குற்றச்சாட்டு காலத்தின்மீதான குற்றச்சாட்டாக மாறும் அந்த இடத்தில் டாங்கோ பக்குவம் அடைந்துவிட்டது என்பேன்.

‘வோல்வேர்’, அதாவது ‘திரும்பி வருதல்’, உங்கள் வகுப்பில் நிச்சயம் ஒலித்திருக்கும். வரிகள் அல்ஃபிரெடோ லெ பேரா, இசை கார்தேல். 1935இல் நியூயார்க்கில் எடுத்த ஒரு படத்துக்காக எழுதப்பட்டது. ஸ்பானிய மொழி பேசும் எல்லா நாடுகளிலும் புரிய வேண்டும் என்பதற்காக லெ பேரா வட்டார வழக்கைத் தவிர்த்தார். நீங்கள் அகராதியை வைத்துக்கொண்டு படிக்கக்கூடிய முதல் பாடல் இதுதான். காதோரம் நரைத்த முடியோடு கப்பலில் ஊர் திரும்புகிறவன் தொலைவில் தெரியும் விளக்குகளைப் பார்க்கிறான். இருபது ஆண்டுகள் ஒன்றுமே இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொள்கிறான். அந்த வரியை மட்டும் பிய்த்தெடுத்து ஆறுதல் மொழியாகப் பயன்படுத்துகிறார்கள். பாடலில் அதைச் சுற்றி இருப்பது பயம்: திரும்பி வரும் கடந்தகாலம் தன் வாழ்க்கையோடு நேருக்கு நேர் மோதிவிடுமோ என்ற பயம், இரவுகள் கூட்டிவரும் நினைவுகளைப் பற்றிய பயம். ஊர் வந்துவிட்டது, மகிழ்ச்சி வரவில்லை. அதே ஆண்டு ஜூன் 24 அன்று கொலம்பியாவின் மெடஜின் நகரில் நடந்த விமான விபத்தில் கார்தேலும் லெ பேராவும் இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் பாடலை யாராலும் அந்த மரணத்திலிருந்து பிரித்துக் கேட்க முடிந்ததில்லை. எழுதும்போது அவர்களுக்கு அப்படி எந்த முன்னுணர்வும் இருந்ததாகக் கதை கட்டத் தேவையில்லை.

உங்கள் கேள்விக்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த பதில் 1948இல் வந்த ‘சூர்’, அதாவது ‘தெற்கு’. இசை அனிபால் ட்ரோய்லோ, வரிகள் ஓமேரோ மான்சி. மான்சி நாட்டின் வடக்கே சாந்தியாகோ டெல் எஸ்டெரோ மாகாணத்தின் அஞாத்துஜாவில் 1907இல் பிறந்து, சிறுவனாகத் தலைநகருக்கு வந்து, நகரின் தெற்கே பொம்பேஜா பகுதியில் விடுதிப் பள்ளியில் படித்தவர். ரியாச்சுவெலோ ஆறு பொங்கினால் வெள்ளம் புகுந்துவிடும் பகுதி அது. பாடல் ஒரு முகவரியோடு தொடங்குகிறது: சான் ஹுவான், பொயேதோ சாலைகள் சந்திக்கும் பழைய முனை. அங்கிருந்து பொம்பேஜா, அதற்கப்பால் வெள்ளம். கொல்லன் பட்டறை இருந்த முனை, சேறு, சமவெளி, அவளுடைய வீடு, நடைபாதை, சாக்கடைக் கால்வாய், காட்டுப் புல்லும் குதிரைமசாலும் கலந்த மணம். வினைச்சொற்களே அதிகம் இல்லை. இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிறார். அந்த இடங்களுக்கு நடுவே, தனியாகப் பிரித்துச் சொல்லாமல், அவளுடைய கூந்தலும் பெயரும் வருகின்றன. சாக்கடையும் காதலியும் ஒரே பட்டியலில், ஒரே அன்போடு.

அதன் பிறகு பல்லவியில் ஒரு வரி. கடைக் கண்ணாடியில் சாய்ந்து உனக்காகக் காத்துக்கொண்டிருந்த என்னை அன்று பார்த்ததுபோல் இனி நீ என்றும் பார்க்கப் போவதில்லை என்கிறான். இதை எத்தனை முறை வகுப்பில் படித்தாலும் நான் சற்று நிறுத்தியே மேலே போகிறேன். இனி நான் உன்னைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அது ஆயிரம் பாடல்களில் ஒன்றாக இருந்திருக்கும். அவன் இழந்தது அவளுடைய பார்வையில் இருந்த தன்னை. அந்தப் பையனுக்கு ஒரே ஒரு சாட்சிதான் இருந்தாள். அவள் போனதும் அவன் இருந்ததற்கே ஆதாரம் இல்லை. தெருவும் நிலவும் என் காதலும் உன் ஜன்னலும் எல்லாம் செத்துவிட்டன, எனக்குத் தெரியும் என்றும் சொல்கிறான். அந்தத் ‘தெரியும்’ முக்கியம். ஏமாந்துகொண்டு ஏங்குகிறவன் அவன் அல்லன். மான்சிக்கு அப்போது நாற்பது வயதுதான். 1951இல் புற்றுநோயால் இறந்தார்.

இப்போது, உண்மையா பாணியா என்ற கேள்வி. இரண்டும் கலந்ததுதான். வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் மேடைக்கும் வாராவாரம் புதுப் பாடல் தேவைப்பட்ட காலம் அது. கைவிட்டவள், காத்திருக்கும் தாய், தெருவிளக்கு, மது, பந்தோனியோன் என்ற துருத்தி வாத்தியம் என்று கைவசம் இருந்த பொருள்களை வைத்து வேகவேகமாக எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெரும்பகுதி சாதாரணமானவை என்று தயங்காமல் சொல்வேன். அழாத டாங்கோக்களும் இருக்கின்றன: குதிரைப் பந்தயம், நையாண்டி, 1934இல் டிஸ்செப்போலோ எழுதிய ‘கம்பலாச்சே’யின் கோபம். ஆகவே எல்லாமே புலம்பல் என்பது முழுச் சித்திரம் ஆகாது. நல்ல பாடலை இனம் காண எனக்கு உதவும் சோதனை எளியது: அதில் ஒரு குறிப்பிட்ட பொருளோ இடமோ இருக்கிறதா என்று பார்ப்பேன். பிஸ்கட், கொல்லன் பட்டறை, கடைக் கண்ணாடி. 1932இல் என்ரிக்கே கடிகாமோ எழுதிய ‘லா காசிட்டா டே மிஸ் வியேஹோஸ்’ பாடலில் தோற்றுப்போய்ப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்புகிறவனை, கதவு திறக்கும் பழைய வேலைக்காரர் குரலை வைத்து மட்டுமே அடையாளம் காண்கிறார். அவன் எவ்வளவு கெட்டுப்போனான் என்று வேறு விளக்கமே தேவையில்லை. வெறும் பாணியில் எழுதுகிறவனுக்கு அந்த வேலைக்காரர் கிடைக்கமாட்டார்.

ஆடுகிறவர் என்பதால் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நடன இசைக்குழுக்களின் பதிவுகளில் பாடகர் பெரும்பாலும் முழுப் பாடலைப் பாடுவதில்லை. 1930களில் பல்லவியை மட்டும் பாடிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 1940களிலும் கடைசிச் சரணம் அடிக்கடி பாதியில் நிற்கும். அதனால் நீங்கள் கேட்பது கதையும் காரணமும் கழிந்த வெறும் விம்மல். எல்லாம் ஒன்றுபோலவே ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1943இல் வந்த இராணுவ அரசு வானொலியில் வட்டார வழக்குக்குக் கெடுபிடி செய்தபோது சில பாடல்களின் தலைப்பும் வரியும் மாற்றப்பட்டன. ஆகவே நீங்கள் தேடியெடுத்த வரிகளும் பதிவில் கேட்பதும் பொருந்தாவிட்டால் குழம்ப வேண்டாம்.

தொடங்குவதற்கு: ‘மி நோச்சே டிரிஸ்டே’யைக் கார்தேல் குரலில், முழு வரிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் அதைப் பிற்பாடு மீண்டும் ஒருமுறை பதிவு செய்திருக்கிறார். ஒலி தெளிவாக இருக்கும் அந்தப் பிந்தைய பதிவு உங்களுக்கு வசதி. அடுத்து ‘எஸ்டா நோச்சே மே எம்போர்ராச்சோ’, பிறகு ‘வோல்வேர்’. ‘சூர்’ பாடலுக்கு 1948இல் ட்ரோய்லோ குழுவோடு எட்முண்டோ ரிவேரோ பாடியதையே தேடுங்கள். அந்தக் கனத்த குரல் எதையும் கெஞ்சுவதில்லை. இந்த நான்கையும் இதே வரிசையில் கேட்டுவிட்டு, எந்த வரியாவது பிடிபடவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள். வரிக்கு வரி பொருள் சொல்கிறேன்.